பந்தியில் அத்வைதம்

நம் விமர்சனத்தில் சில சொற்கள் உழைக்காமலே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கின்றன. 'தரிசனம்' அவற்றில் ஒன்று. 'அத்வைதம்' இன்னொன்று. ஒரு கவிதையில் மரமும் மனிதனும் ஒன்றில் ஒன்று கரைந்துவிட்டால் போதும், அத்வைத அனுபவம் என்று எழுதிவிடுகிறோம். கதாநாயகன் கடைசிப் பாராவில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்று, தானும் ஆறும் வேறல்ல என்று உணர்ந்துவிட்டால், அதுவரை கதையில் நடந்த கோணல்கள் அத்தனையும் மன்னிக்கப்பட்டுவிடுகின்றன. பெண்டாட்டியோடு போட்ட சண்டை, திருப்பித் தராத கடன், அண்ணனுக்குச் செய்த துரோகம் எல்லாம் ஆற்றோடு போய்விடுகின்றன. இந்த சௌகர்யத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

இலக்கியத்தில் நாம் செய்யும் இந்தக் காரியம், தத்துவத்தில் வெகு காலம் முன்பே நடந்துவிட்ட ஒன்றின் நிழல். ஆகவே முதலில் அங்கே போய்விட்டுத் திரும்பலாம்.

அத்வைதம் என்ற சொல் 'ஒன்று' என்று சொல்லவில்லை, 'இரண்டில்லை' என்கிறது. 'ஏகம்' என்ற சொல் கையெட்டும் தூரத்தில் இருக்க, மறுப்பாக ஒரு சொல்லை ஏன் எடுத்துக்கொண்டார்கள்? சாந்தோக்ய உபநிஷதம் 'ஒன்று' என்பதையும் வைத்து, அது போதாதென்று இரண்டாவதை மறுக்கும் சொல்லையும் பக்கத்தில் வைக்கிறது. 'ஒன்று' என்று சொன்னவுடன் அதை நிறுத்திவைக்க ஓர் இடம் தேவைப்படுகிறது. இடம் வந்தால் அதற்கு வெளியே என்பதும் வந்துவிடும். மறுபடி இரண்டு. மறுப்புக்கு இந்தச் சங்கடம் இல்லை, அது எதையும் நட்டுவைப்பதில்லை.

பௌத்தர்களின் சொல் 'அத்வயம்'. டி.ஆர்.வி. மூர்த்தி, மாத்யமிகத்தைப் பற்றி 1955இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் இந்த இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். அத்வைதம் பேதமற்ற ஒரு பொருளைப் பற்றிய அறிவு. அத்வயம் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு முனைகளிலும் ஒட்டாத அறிவு. முன்னது பார்க்கப்படும் பொருளைப் பற்றியது, பின்னது பார்க்கும் விதத்தைப் பற்றியது. பண்டிதர்களின் பாகுபாடு என்று இதை ஒதுக்க முடியாது. ஒரு பொருளைக் கண்டுவிட்டேன் என்கிறவனுக்கு வேலை முடிந்துவிடுகிறது. பார்க்கும் விதம் என்றால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த நாகார்ஜுனர், சம்சாரத்துக்கும் நிர்வாணத்துக்கும் நடுவே இம்மியளவு வித்தியாசமும் கிடையாது என்ற கருத்தை மூலமத்யமக காரிகையின் 25ஆம் அத்தியாயத்தில் வைக்கிறார். இதை 'இரண்டும் ஒன்று' என்று எடுத்துக்கொண்டால் கூத்தாகிவிடும். நாம் பாட்டுக்கு இருந்தபடியே இருந்துவிடலாம். அவர் சொல்வது வேறு. எந்தப் பொருளும் தன்னளவில் நிற்கவில்லை, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது, இந்தச் சார்புதான் சூன்யம். ஆகவே தப்பித்துப் போய் உட்கார நிர்வாணம் என்று தனியாக ஓர் ஊர் கிடையாது. இதற்கு முந்தைய அத்தியாயத்தில் இன்னும் கறாராக இருக்கிறார். அன்றாட வியவஹாரத்தைப் பற்றிக்கொள்ளாமல் பரமார்த்தத்தைக் காட்ட முடியாது. சூன்யதையைத் தப்பாகப் பிடித்தவன், பாம்பைத் தப்பாகப் பிடித்தவனைப்போல அழிவான்.

சங்கரரின் குருவுக்குக் குரு என்று சொல்லப்படும் கௌடபாதர் இந்தப் பாஷையை நன்றாக அறிந்தவர். மாண்டூக்ய காரிகையின் நான்காவது பிரகரணத்தில் ஒரு கொள்ளிக்கட்டையைச் சுழற்றிக் காட்டுகிறார். சுழலும்போது வட்டம் தெரிகிறது. நிறுத்தினால் இல்லை. வட்டம் எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவுமில்லை. அந்தப் பிரகரணத்தின் சொற்கள் பௌத்தத்துக்கு எவ்வளவு கடன்பட்டவை என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. என் கேள்வி ஒன்றே: இரண்டில்லை என்கிறாயே, எந்த இரண்டு?

2

இந்தக் கேள்வியோடு சங்கரரிடம் போனால் அவர் இரண்டு தளங்களைக் காட்டுகிறார். பாரமார்த்திகம், வியாவஹாரிகம். விழிக்கிறவரை கனவில் நடப்பதெல்லாம் செல்லுபடியாவதுபோல, ஞானம் வருகிறவரை உலக நடப்பும் செல்லும் என்று பிரம்மசூத்ர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் சொல்கிறார். இதில் தப்பு காண ஒன்றுமில்லை. இல்லாவிட்டால் ஞானம் பேசிக்கொண்டே கிணற்றில் விழ வேண்டியதுதான்.

ஆனால் அதே பாஷ்யத்தின் முதல் அத்தியாயத்தில் அபசூத்ராதிகரணம் என்ற பகுதி இருக்கிறது. வேதம் கற்று அதன் வழியே ஞானம் பெற சூத்ரனுக்கு அதிகாரம் இல்லை என்று அங்கே முடிவு செய்கிறார். விதுரன், தர்மவியாதன் போன்றவர்கள்? அவர்கள் முற்பிறவி வாசனையால் ஞானம் பெற்றவர்கள். மற்றவர்களுக்கு இதிகாச புராணங்கள் உண்டு. ஆத்மாவுக்கு வர்ணம் கிடையாது என்று இந்த அளவு தீர்க்கமாக வாதிட்ட இன்னொருவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர் தர்க்கத்தில் முரண்பாடும் இல்லை. மாடியில் சாதி இல்லை, கீழ்த்தளத்தில் உண்டு. நடுவே படிக்கட்டு, படிக்கட்டின் அடியில் ஒரு காவல்காரன். இரண்டில்லை என்ற மறுப்பு பிரபஞ்சத்தின் மேல் முழுசாக விழுந்துவிட்டது. அந்தக் காவல்காரனின் மேல் மட்டும் விழவில்லை.

மரபுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கரர் பெயரில் மனீஷா பஞ்சகமும் அதைச் சுற்றிய கதையும் தோன்றியிருக்காது. காசியில் எதிரே வந்த சண்டாளனை விலகச் சொல்கிறார் சங்கரர். யாரை விலகச் சொல்கிறாய் என்று அவன் கேட்கிறான். சோற்றாலான இந்த உடம்பைச் சோற்றாலான அந்த உடம்பிலிருந்தா, அறிவை அறிவிலிருந்தா? இந்திய தத்துவத்தில் இதைவிட நேரான கேள்வியை நான் சந்தித்ததில்லை. மறுப்பை எடுத்து, தெருவில் இருவருக்கு நடுவே உள்ள சில அடி தூரத்தின் மேல் வைத்துவிட்டான். சங்கரர் வணங்குகிறார். அதோடு கதை நின்றிருக்கலாம். வந்தவன் சிவபெருமான் என்று ஒரு முடிவைச் சேர்த்தார்கள். கேள்வியின் முனையை மழுக்க இதைவிட நல்ல உபாயம் கிடையாது. கேட்டவன் சிவன் என்றாகிவிட்டால், மறுநாள் நிஜமாகவே எதிரே வரும் சண்டாளனை வழக்கம்போல விலகச் சொல்லலாம்.

3

சங்கரர் பெயரில் வழங்கும் தத்வோபதேசத்தில் ஒரு சுலோகம். அத்வைதம் உள்ளத்தில் எப்போதும் இருக்கட்டும், செய்கையில் ஒருபோதும் வேண்டாம், யாரிடத்தில் பாராட்டினாலும் குருவிடம் பாராட்டாதே என்பது அதன் சாரம். ரமணர் இதைத் தமிழாக்கி உள்ளது நாற்பது அனுபந்தத்தில் 39ஆவது பாட்டாக வைத்திருக்கிறார். இதற்கு நல்ல அர்த்தம் ஒன்று உண்டு. செய்கை என்றாலே பேதம் வேண்டும். நெருப்பும் நீரும் ஒன்று என்று வைத்துக்கொண்டு உலை வைக்க முடியாது. கெட்ட அர்த்தமும் உண்டு. அது சொல்லாமலே விளங்கும்; நம் ஊரில் அதைத்தான் அனுஷ்டித்தார்கள்.

ரமணாசிரமத்தின் அந்நாளைய உணவுக்கூடம் இந்த இரண்டு அர்த்தங்களும் சந்தித்த இடம். பிராமணர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். இரு சாராரும் பார்க்கும்படியான இடத்தில் ரமணர். 1896இல் திருவண்ணாமலைக்கு வந்த அன்றே பூணூலைக் கழற்றி எறிந்தவர், வருஷக்கணக்கில் பிச்சைச் சோறு தின்றவர், அந்தக் கோட்டை அழிக்கச் சொல்லவில்லை. அதேசமயம் விடியுமுன் எழுந்து சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினார். தமக்கென்று ஒரு கரண்டி கூடப் போட்டாலும் கோபித்துக்கொண்டார். தரையில் சிந்திய பருக்கையை வீணாக்க விடவில்லை. குருவிடம் அத்வைதம் கூடாது என்று பாட்டு சொல்கிறது. அந்தக் குருவோ தமக்கும் மற்றவர்களுக்கும் நடுவே இருந்த இரண்டைத் தம் இலையில் ஒவ்வொரு வேளையும் மறுத்துக்கொண்டிருந்தார். பக்தர்களுக்குள் இருந்த இரண்டு அப்படியே இருந்தது. அவரைக் கும்பிடுவதற்கோ குற்றஞ்சாட்டுவதற்கோ இதை எழுதவில்லை. மறுப்பு எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று பார்ப்பதுதான் நோக்கம்.

4

பௌத்தத்தில் 'விமலகீர்த்தி நிர்தேசம்' என்றொரு மகாயான சூத்திரம். குமாரஜீவர் 406இல் செய்த சீன மொழிபெயர்ப்பினால் பரவியது. மூலம் தொலைந்ததென்றே வெகு காலம் நம்பியிருந்தார்கள். லாசாவில் பொதாலா அரண்மனையில் 1999இல் சமஸ்கிருதச் சுவடி கிடைத்தது. விமலகீர்த்தி வைசாலியில் வாழும் ஒரு குடும்பஸ்தர். நோயாகப் படுத்திருக்கிறார். பார்க்க வந்த போதிசத்துவர்களிடம், இரண்டின்மைக்குள் நுழைவது எப்படி என்று கேட்கிறார். ஒவ்வொருவரும் ஓர் இரட்டையை எடுத்து அவிழ்க்கிறார்கள். கடைசியில் மஞ்சுஸ்ரீ, சொல்லில் அடங்காது என்று சொல்லால் சொல்கிறார். விமலகீர்த்தி பேசாமல் இருக்கிறார்.

இந்த மௌனத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆனால் அடுத்த அத்தியாயம் எப்படித் தொடங்குகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. நண்பகல் நெருங்கிவிட்டதே, இத்தனை பேரும் எதைச் சாப்பிடுவார்கள் என்று சாரிபுத்திரருக்குக் கவலை வருகிறது. சூத்திரம் அவரைக் கொஞ்சம் கேலி செய்துவிட்டு, வேறோர் உலகத்திலிருந்து வாசனைச் சோறு தருவித்து, ஒரே பாத்திரத்திலிருந்து அத்தனை பேருக்கும் பரிமாறுகிறது. மௌனத்துக்குப் பின் சாப்பாடு. இந்த வரிசையை அமைத்தவன் விஷயம் தெரிந்தவன். தமிழ் வாசகனுக்கு இங்கே மணிமேகலையின் அமுதசுரபி ஞாபகம் வரும். அந்தக் காவியத்திலும் பன்னிரண்டு நிதானங்களின் விரிவான உபதேசம் கடைசிக் காதைக்குத்தான் வருகிறது. அதற்கு வெகு முன்பே ஆதிரை முதல் பிச்சை இட்டு, காயசண்டிகையின் பசி தீர்ந்து, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிவிடுகிறது.

சோறு என்றதும் இன்னொரு சமையல்காரர். ஜப்பானியத் துறவி தோகென் 1223இல் சீனா சென்றார். தியான்தோங் மலை மடாலயத்தில், கொளுத்தும் வெயிலில் தலையில் தொப்பிகூட இல்லாமல், 68 வயதான சமையல் பொறுப்பாளர் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். வேலையாட்களை விட்டுச் செய்யக் கூடாதா என்று கேட்டார் தோகென். மற்றவர்கள் நான் இல்லையே என்றார் கிழவர். இந்த வெயிலில் ஏன் என்றதற்கு, வேறு எந்த நேரத்துக்குக் காத்திருப்பது என்று திருப்பிக் கேட்டார். தோகென் ஊர் திரும்பி, 1237இல், மடத்துச் சமையல்காரருக்கான நெறிகளை எழுதியபோது இதைப் பதிவு செய்தார்.

இரண்டின்மையைப் போதிக்கும் ஒரு மடத்தில், பிறர் நானல்ல என்று ஒருவர் சொல்கிறார். நம் 'எல்லாம் ஒன்று' கோஷ்டியிடம் அகப்பட்டிருந்தால் அவருக்கு ஞானம் போதாது என்று தீர்ப்பாகியிருக்கும். கிழவரின் மறுப்பு ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே விழவில்லை. தியானத்துக்கும் காளானுக்கும் நடுவே விழுந்தது. அங்கே கோடு அழிந்தபோது, இது என் வேலை, இது என் நேரம் என்ற கோடு பளிச்சென்று தெரிந்தது. ஓர் இரண்டு போனால் இன்னோர் இரண்டு துலக்கமாகும். எல்லாவற்றையும் சேர்த்துக் குழப்புகிற அத்வைதத்தில் இது நடப்பதில்லை.

பௌத்தத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1945 வரை ஜப்பானின் யுத்தத்துக்குத் துணைபோன ஜென் ஆசான்கள் பலர். கொல்பவனும் இல்லை, கொல்லப்படுபவனும் இல்லை என்பது சிப்பாயின் கையை உறுதிப்படுத்தும் உபதேசமாயிற்று. பிரையன் விக்டோரியா 1997இல் வெளியிட்ட நூல் இதை ஆவணங்களோடு வைத்திருக்கிறது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தை அறிந்த நமக்கு அந்த வாதம் புதிதும் அல்ல. கொல்பவனுக்கும் சாகிறவனுக்கும் நடுவே உள்ள இரண்டு மறுக்கப்பட்டது. நம் நாடு, எதிரி நாடு என்ற இரண்டின் மேல் யாரும் கை வைக்கவில்லை. ஆகவே 'எந்த இரண்டு' என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: மறுத்த பிறகும் பத்திரமாக நிற்கிற இரண்டு எது?

5

இந்த இரண்டு கேள்விகளுக்கும் தப்பாமல் பதில் சொன்ன அத்வைதி, எனக்குத் தெரிந்தவரை, நாராயண குரு. தமிழிலும் பாடியவர், திருவண்ணாமலையில் ரமணரைக் கண்டுவந்தவர். 1888இல் அருவிப்புறத்தில் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து சிவன் என்று நாட்டினார். பிரதிஷ்டை செய்ய அதிகாரம் உள்ளவன், இல்லாதவன் என்ற இரண்டு அந்தக் கல்லின் அடியில் போயிற்று. சங்கரரின் படிக்கட்டுக் காவல்காரனுக்கு வேலை போன நாள் அது.

அவருடைய சீடர் சகோதரன் அய்யப்பன் அடுத்த அடியை எடுத்துவைத்தார். 1917இல் செறாயியில் மிஸ்ர போஜனம் நடத்தினார். ஈழவர்கள் புலையர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேலே இருந்தவர்கள் தங்களை ஒதுக்கியதை ஈழவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். அய்யப்பன் கையை நீட்டியது தங்களால் ஒதுக்கப்பட்டவர்களின் பக்கம். தனக்கு மிக அருகில் இருந்த, தனக்கு லாபமாக இருந்த இரண்டின் மேல் மறுப்பை வைத்தார். அவர் சாதியாரே 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள். அதை அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டார். பிற்பாடு, மனிதனுக்கு சாதி, மதம், தெய்வம் மூன்றும் ஒன்றே என்ற குருவின் வாக்கை, மூன்றும் வேண்டாம் என்று திருத்திச் சொன்னார். இதை நாஸ்திகம் என்று மட்டும் வாசிப்பது போதாது. 'ஒன்று' மறுபடி 'இல்லை'யாகிறது. அத்வைதம் என்ற சொல் தன் இலக்கணத்துக்குத் திரும்பிய இடம் என்று அதைப் படிக்கிறேன்.

6

இனி நம் பக்கங்களுக்கு வரலாம். மௌனியின் கதைகளில் அத்வைதம் காணாத விமர்சகர் குறைவு. 'அழியாச்சுட'ரில் அவனும் அவளும் ஒன்றாகிவிடுகிறார்களா? இல்லவே இல்லை. கோயிலின் இருளும் யாளியும் அவர்களைச் சூழ்ந்து நிற்க, இருவருக்கும் நடுவே உள்ள தூரம் குறையாமலே இருக்கிறது. கதையில் அழிவது உள்ளே நடப்பதற்கும் வெளியே நிற்பதற்கும் இடையிலான கோடு மட்டும். மௌனியை நம்பவைப்பது அந்தக் கறார். அவரைப் பின்பற்றியவர்கள் கறாரை விட்டுவிட்டு இருட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அத்வைதம் என்று யாரும் கும்பிடாத ஒரு கதையில் அது இதைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. கடவுள் வருகிறார், காபி ஹோட்டலில் உட்காருகிறார், பிள்ளையின் குழந்தையோடு விளையாடுகிறார். பிள்ளை கடவுளில் கரைவதில்லை. கடவுளும் பிள்ளையாகிவிடவில்லை. இரண்டு ஆசாமிகளும் கடைசிவரை இரண்டு ஆசாமிகள்தான். காபிக்குக் காசு கொடுப்பது யார் என்ற கேள்வியைத் தத்துவம் விழுங்கிவிடவில்லை. ஆனால் கும்பிடுகிறவன், கும்பிடப்படுகிறவன் என்ற இரண்டு, ஒரு சாதாரண மேஜையின் இரு பக்கத்தில் உட்கார்ந்த மாத்திரத்தில், பேச்சுமூச்சில்லாமல் போய்விடுகிறது. எழுத்தில் அத்வைதம் என்றால் எனக்கு இதுதான். எல்லாவற்றையும் கரைத்துவிட்ட கதையில் எதுவும் மறுக்கப்படவில்லை. ஒரே ஒரு கோட்டை, அது ஓடும் இடத்தில் வைத்து அழிக்கிற கதையில் மற்றப் பொருள்கள் எல்லாம் தத்தம் விளிம்போடு தெரிகின்றன.

ஆகவே அடுத்த முறை இந்தச் சொல்லை எழுதும்போது, எந்த இரண்டு என்பதையும் கூடவே எழுதிவிடுவது நல்லது. அது முடியவில்லை என்றால் சொல்லை அடித்துவிடலாம். கவிதைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று. நாம் சிலர் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, நடுநிசிவரை நாகார்ஜுனரையும் சங்கரரையும் பேசிக்கொண்டிருக்கிறோம். நடுவே மூன்று முறை காபி வருகிறது. பிறகு இலை போடுகிறார்கள். நாம் சாப்பிட்டு எழுந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறோம். உள்ளே ஒரு பெண்மணி பாத்திரங்களை ஒழித்துப்போட்டுவிட்டு, மிஞ்சிய ரசத்தோடு தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நம் பேச்சில் அன்றைக்கு மறுக்கப்படாமல் மிஞ்சிய இரண்டு அது. என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.